கடைசி வீட்டுக் குழாய்

தெருவில் மோட்டார் இல்லாதது கடைசி வீட்டில் மட்டும்தான். கைக்குழந்தையோடு அங்கே இருக்கும் ரோஸ்மேரிக்கு நான்கு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருக்கூட்டத்தில் அதே தெருக்காரரான தணிகாசலம் தரையில் வட்டமாக அம்புக்குறிகள் வரைந்து ஆசையாக விளக்கினார். "தண்ணி மெதுவா வருதுன்னு ஒருத்தர் குழாயில மோட்டார் வெச்சார். அது இழுக்க இழுக்க பக்கத்து வீட்டுக்குக் கொறஞ்சுது. அவரும் வெச்சார். இப்ப எல்லாரும் நிறுத்தினா கடைசி வரைக்கும் தானா வரும்." "கோலம் நல்லாருக்கு சார். மொதல்ல யாரு நிறுத்துறது?" என்றார் ஒருவர். "நான்," என்றார் தணிகாசலம். மறுநாள் காலை தண்ணீர் விட்டதும் மோட்டாரைப் போடாமல் குழாயைத் திறந்தார். தெரு முழுக்க மோட்டார்கள் உறுமின. அவர் குழாயில் காற்றுதான் சீறியது. காலிக் குடத்தோடு வந்த ரோஸ்மேரி அதைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள். "எந்த மோட்டார் நல்லா இழுக்கும் சார்?" என்று கேட்டாள்.