நோரா வீட்டு வழக்கம்

கதவைத் திறந்த மகனைப் பார்த்ததும் கிளடிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. இடுப்பில் அப்ரன். கையில் உருளைக்கிழங்குத் தோல்.

அவளைக் காரில் கூட்டிவந்த மருமகள் நோராவோ, சப்பாத்தைக் கழற்றிய கையோடு சோபாவில் போய்க் காலை நீட்டிவிட்டாள்.

நோரா அயர்லாந்துக்காரி. கல்யாணம் முடிந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஜனவரி ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, அவளுடைய நாட்டில் ஆண்கள்தான் சமைக்க வேண்டுமாம். பெண்கள் குசினிக்குள் காலே வைக்கக்கூடாதாம். பெண்களின் கிறிஸ்மஸ், அதாவது பெண்களின் நத்தார் என்று அதற்கொரு பெயர் வேறு. பிக்கரிங்கில் எங்கள் வீட்டிலும் கொண்டாடுகிறோம், கட்டாயம் வாருங்கள் என்று போன கிழமை அழைத்திருந்தாள்.

"என்ர பிள்ளையைப் போட்டு முறிக்கிறதுக்கு ஒரு பெருநாள்!" என்று கிளடிஸ் அன்றைக்கே புறுபுறுத்தாள்.

கணவர் யேசுரட்ணம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவையின்ர வழக்கம். நாங்கள் மதிக்க வேணும்" என்று நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாற்பது வருடத்தில் ஒரு தேத்தண்ணி போட்டறியாத மனிதர். அவருக்கென்ன, சொல்லலாம்.

இன்று காலையில் மகன் அலெக்ஸாண்டர் மல்வேர்னில் இவர்கள் வீட்டுக்கு வந்து, தன் வீட்டு வாசலில் பனி அள்ள உதவி வேண்டும் என்று அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஆளைக் காணவில்லை. பனி அள்ளிய களைப்பில் மேலே படுத்திருப்பார் என்று கிளடிஸ் நினைத்துக்கொண்டாள்.

"விடு தம்பி, ரெண்டு நிமிசத்தில நான் சீவித் தாறன்." அவள் ஸ்வெற்றர் கையை மடித்தாள்.

"சொறி அம்மா, நோ என்ட்ரி. போய் இருங்கோ."

நோராவுக்குத் தமிழில் இரண்டு சொல்தான் பிடிபட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து, "மாமி, இருங்கோ" என்றாள்.

கிளடிஸ் சோபா நுனியில் இருந்தாள். கைகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள். பிறகு உதறிவிட்டுத் திரும்பவும் மடித்தாள். குசினியிலிருந்து இறைச்சி அவிகிற மணம் வந்தது. கூடவே இன்னொரு மணமும்.

அவள் துள்ளி எழுந்தாள். "ஐயோ, அடிப்பிடிக்குது!"

"ஒண்டும் அடிப்பிடிக்கேல்லை. நீ இரு!"

அது மகனின் குரல் இல்லை.

சற்று நேரத்தில் யேசுரட்ணமே வெளியே வந்தார். பூப்போட்ட அப்ரன். மீசையில் கோதுமை மா. இரண்டு கையாலும் ஒரு உருண்டைப் பாண் ரொட்டியை ஏந்தியிருந்தார். அதன் மேலே பெரிதாக ஒரு சிலுவை கீறியிருந்தது.

"சோடா பாண். சிலுவை போட்டுத்தான் சுடுவினமாம்" என்றவர், யாருடைய முகத்தையும் பாராமல், "நான்தான் கீறினனான்" என்றார்.

கிளடிஸின் கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. பாணுக்கா மனுசனுக்கா என்று அவளுக்கே தெரியாது.

அடுத்ததாக ஸ்ரூ வந்தது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம். முதல் கோப்பையை அவளுக்கு முன்னால்தான் வைத்தார். ஆவி பறந்தது. இப்படிச் சுடச்சுடச் சாப்பாடு தன் முன்னால் வந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியில்கூட ஆறித்தான் வந்தது.

ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கறித்தூள் இல்லை, தேசிப்புளி இல்லை. ஆனாலும் இறைச்சி வாயில் கரைந்தது.

யேசுரட்ணம் இருக்காமல் பக்கத்திலேயே நின்றார். "உப்புக் காணுமோ?"

நாற்பது வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டு நின்றவள் அவள்தான். வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினாள். என்ன அருமையான வழக்கம்! இப்படியும் ஒரு நாடு இருக்கிறதே என்று பிரமித்துப் போனாள்.

சாப்பாடு முடிந்து தகப்பனும் மகனும் குசினிக்குள் கோப்பை கழுவும்போது, அயர்லாந்திலிருந்து நோராவின் தாய் வீடியோவில் வாழ்த்துச் சொல்ல வந்தாள். கிளடிஸ் போனைக் கிட்டத்தட்டப் பறித்தே எடுத்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீசையெல்லாம் கூட்டி, "உங்கட வழக்கத்துக்கு நன்றி. உங்கட வீட்டில வருசா வருசம் இப்பிடித்தானாமே, குடுத்து வைச்சனீங்கள்" என்றாள்.

அந்தத் தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கட வீட்டிலயோ? அது தெற்குப் பக்கத்து வழக்கம். நாங்கள் வடக்கு ஆக்கள். நோராவின்ர அப்பா ஒரு முட்டைகூட அவிக்காமல்தான் செத்துப் போனவர்!"

கிளடிஸ் போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். நோராவின் காது மடல் சிவந்திருந்தது.

"நத்தாருக்கு உங்கட வீட்டில நாங்கள் பதினாறு பேரும் சாப்பிட்டு எழும்பின பிறகு, நீங்கள் சிங்குக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு சட்டியை வழிச்சுச் சாப்பிட்டீங்கள் மாமி" என்று அவள் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். "உங்களுக்காக எண்டு சொன்னால் நீங்கள் இருக்க மாட்டீங்கள். எங்கட வழக்கம் எண்டு சொன்னால் தட்ட மாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

அந்த நேரம் பார்த்து யேசுரட்ணம் சவர்க்கார நுரைக் கையோடு குசினி வாசலில் தலையை நீட்டினார்.

"இஞ்சேர், உது வருசா வருசம் வருமோ?"

கிளடிஸ் சோபாவில் நன்றாகச் சாய்ந்து, நோராவுக்குப் பக்கத்தில் தானும் காலை நீட்டிக்கொண்டாள்.

"ஓமப்பா. அவையின்ர வழக்கம். நாங்கள் மதிக்க வேணும்."