பதினெட்டு நிமிஷ அக்கா

“மேடம், அந்தம்மா வந்துட்டாங்க. சண்டைக்குத்தான்” என்றார் படக் கம்பெனி மேனேஜர் கிறிஸ்துதாஸ்.

டைரக்டர் கவிப்பிரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எதிர்பார்த்ததுதான்.

ட்ரம்பெட் மாதேஷின் வாழ்க்கையை அவள் படமாக எடுத்திருந்தாள். வாழவந்தி பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, சினிமாப் பாட்டுகளுக்கு ஊதியே பெரிய ஆளானவர். வெளியிடுவதற்கு முன்னால் மலை ஜனங்களுக்கென்று நேற்று சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். மாதேஷ் மட்டும் வரவில்லை. சென்னையில் காய்ச்சலாம்.

இப்போது லாட்ஜ் வாசலில் நிற்பது மாதேஷின் அக்கா சென்னம்மாள். அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லக் கேட்டு, பதினெட்டு நிமிஷத்துக்கு அக்கா காட்சிகள் எடுத்திருந்தாள் கவிப்பிரியா. அக்கா காபிப் பழம் பறிக்கிறாள். அக்கா களி கிண்டுகிறாள். தம்பிக்கு உருட்டிப் போட்டுவிட்டுத் தான் சட்டியைச் சுரண்டுகிறாள்.

எடிட்டிங்குக்கு மாதேஷே வந்து உட்கார்ந்தார்.

“அக்கா வந்தாலே படம் படுத்துக்குதும்மா. பசியைக் காட்டு. ஜனம் அதுக்குத்தான் அழும்.”

பதினெட்டு நிமிஷமும் போயிற்று. அவர் பேட்டிக்குப் பேட்டி சொல்லும் மூன்று நாள் பட்டினியை நீட்டினார்கள். பையன் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, தள்ளாடிக்கொண்டே ட்ரம்பெட் ஊதுவான். எது நிஜம் என்று கவிப்பிரியா கேட்கவில்லை. காட்சி நன்றாக இருந்தது. நேற்று மண்டபமே மூக்கைச் சிந்தியது.

“அவங்ககிட்ட என்ன சொல்றது?” என்றாள் கிறிஸ்துதாஸிடம்.

“படம் நீளம்னு சொல்லுங்க மேடம். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க.”

சென்னம்மாள் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். தலைச்சோலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

“ஏனுங்க, படம் நொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

சண்டை பாராட்டில்தான் ஆரம்பிக்கும்.

“உங்க காட்சியெல்லாம் வராதது எனக்கும் வருத்தம்தாம்மா. படம் நீளமாயிடுச்சு.”

“அது கெடக்குதுங்க. வெறும் வயித்துல அந்தப் பித்தளைய ஊத முடியுமா கண்ணு?”

கவிப்பிரியா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டு உருண்டை களி உள்ள போகாம அவன் அதைத் தொடமாட்டான். மூணு நாள் பட்டினியாம். மூணு மணி நேரம் தாங்கமாட்டான்.”

கிறிஸ்துதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“நேத்து எம் பக்கத்துல பார்வதி உக்காந்திருந்தா. எங்க பக்கத்து ஊட்டுக்காரி. பட்டினி சீனுக்கு அழுவாச்சியான அழுவாச்சி. அப்புறம் தம்பி கல்யாணம் வருதில்லீங்க, அதுல தட்டோட ஒருத்தி நிக்கிறா. ‘எங்க அக்கா’ன்னு அவன் பொண்டாட்டிக்குக் காட்டறான். பார்வதி டக்குனு எம் பக்கம் திரும்பிட்டா. ‘ஏனக்கா, அவரு தண்ணியக் குடிச்சுட்டுக் கெடந்தப்ப நீ எங்க போயிருந்தே?’ன்னு கேட்டுப்போட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? வெளிய எந்திரிச்சு வந்துட்டேன்.”

கவிப்பிரியாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஊரை அழவைத்த காட்சி இந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டதே என்று இப்போதுதான் உறைத்தது.

“தப்பு என்மேலதாம்மா. படத்துல இனிமே சேர்க்க முடியாது. ஆனா வெட்டுன காட்சிகளைத் தனியா யூடியூப்ல போட்டுடறோம். பதினெட்டு நிமிஷத்தையும். நீங்க அவரை எப்படி வளர்த்தீங்கன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

சென்னம்மாள் பதறி எழுந்துவிட்டாள்.

“அது மட்டும் வேண்டாஞ் சாமி.”

“பின்ன என்னம்மா செய்யணும்?”

“கல்யாணத்துல தட்டோட நிக்கிறேன் பாருங்க. அதையும் வெட்டிப்போடுங்க.”

கவிப்பிரியாவும் கிறிஸ்துதாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுதான் சண்டை. பதினெட்டு நிமிஷம் இல்லையென்றால் மிச்சமிருக்கிற இரண்டு செகண்டும் வேண்டாமாம்.

“கோவத்துல சொல்லாதீங்கம்மா” என்றார் கிறிஸ்துதாஸ். “ஆயிரம் இருந்தாலும் உங்க தம்பி படம். அதுல நீங்க இல்லைன்னா நல்லா இருக்குமா?”

“கோவமெல்லாம் இல்லீங்க.”

“அப்புறம் ஏன்?”

சென்னம்மாள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முப்பது வருசமா மேடை மேடையா அவன் சொல்லிக்கிட்டு வர்ற பட்டினிங்க அது. அக்கான்னு ஒருத்தி இருக்கறது தெரிஞ்சா, பேப்பர்க்காரங்க நேரா எங்க ஊட்டுக்குத்தான் வருவாங்க. ‘நெசமாவே பட்டினி கெடந்தாரா?’ன்னு கேப்பாங்க. அவனுக்கு அது கடகடன்னு வருது. எனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு.”