ஆவாரம்பூ சேஹ்ரா

ஒரு வண்டுகூட வரவில்லை.

ஜன்னலில் கட்டியிருந்த மூங்கில் தட்டியின் தடம் நெற்றியில் விழுகிற அளவுக்கு முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள் ரஃபத் ஜஹான். இன்னும் கொஞ்ச நேரத்தில் தாய்மாமாவும் இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க உள்ளே வந்துவிடுவார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

முகம் எதிரே பந்தலில்தான் இருந்தது. பூவுக்குப் பின்னால்.

அவர்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. நிக்காஹ் முடிந்த பிறகு நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து மணமக்களை உட்கார்த்துவார்கள். அதில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். அதுவரை மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து மார்பு வரைக்கும் சேஹ்ரா என்கிற பூத்திரை தொங்கும்.

சரி என்று சொன்ன பிறகு பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆட்டுத்தோலைக்கூட அப்பா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்!

நல்லவேளை, சேஹ்ரா பெண் வீட்டிலிருந்து போவது. ரஃபத் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாளைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். காகிதப் பூ கூடாது, ஜிகினா கூடாது, எல்லாம் செடியிலிருந்து பறித்ததாகவே இருக்க வேண்டும், மதராஸில் இப்போது இதுதான் நாகரிகம் என்று அடித்துச் சொன்னாள். மதராஸை அவள் கண்டதேயில்லை. காட்பாடி ஜங்ஷனைத் தாண்டியதில்லை.

மஞ்சள் பூசி உட்கார வைத்த அறையிலிருந்தே பந்தல்காரர் கோவிந்தசாமிக்குச் சிலேட்டில் படம் போட்டு அனுப்பினாள். பந்தல் கால்களுக்குப் பாலாற்று நாணல். மேலே தென்னங்குருத்து. மற்றபடி கண் போகிற இடமெல்லாம் ஆவாரம்பூ. சேஹ்ராவும் ஆவாரம்பூ.

அப்பா அப்துல் ஹமீத் துள்ளிக் குதித்தார். "நம்ம குழியில தோலு ஊறப்போடற பட்டையோட பூவா? அத்த மாப்ள மூஞ்சியிலயா கட்டறது? ஆம்பூரே கைகொட்டிச் சிரிக்கும்!"

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோம்பாங்க சாயபு, நல்ல சகுனந்தான்" என்று கோவிந்தசாமி பரிந்து பேசினார். பாவம், அவருக்கும் காரணம் தெரியாது.

காரணம் தோல் பதனிடும் ஷாப்பில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி வரும்போது ஒன்றிரண்டு கிளையில் பூவும் ஒட்டிக்கொண்டு வரும். பூவின் பின்னாலேயே கருவண்டு வரும். கட்டைவிரல் பருமன் இருக்கும். லேசில் கொட்டாது, ஆனால் அது காதோரம் வந்து ரீங்கரித்தால் பயில்வானும் துண்டை உதறிவிட்டு ஓடுவான். மூக்குக்கு எதிரே அப்படி ஒன்று வந்து சுற்றினால் எந்த மாப்பிள்ளை சேஹ்ராவைத் தூக்காமல் இருப்பான்?

திட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் தோல் வாடை விருந்தாளிகளுக்கு அடிக்கக்கூடாதென்று அப்பா விடிந்ததிலிருந்து பந்தலின் நாலு மூலையிலும் சாம்பிராணியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புகையில் வண்டு எங்கே வரும்? ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

போதாக்குறைக்குக் கோவிந்தசாமி விசுவாசத்தைக் காட்டி, சேஹ்ராவை ஊசி நுழைய இடமில்லாமல் கட்டியிருந்தார். பேரணாம்பட்டு தோல் ஷாப்காரர் மகன், மாப்பிள்ளை நிசார் அஹமது, ஷெர்வானி போட்ட ஆவாரஞ்செடி போல உட்கார்ந்திருந்தான்.

தன் விரலே தன் கண்ணைக் குத்திய கதை. ரஃபத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூடத்தில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. தாய்மாமா தொண்டையைக் கனைத்தார்.

அப்போதுதான் பந்தலில் அந்தக் கூச்சல்.

"வண்டு! வண்டு!"

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டான். இரண்டு கையாலும் சேஹ்ராவை வாரித் தலைக்கு மேல் தூக்கினான். பக்கத்திலிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு துண்டை வீசினார்கள். காஜியார் குடையை விரித்தார். யாரோ சாம்பிராணிச் சட்டியை உதைத்துக் கவிழ்த்தார்கள்.

ரஃபத் பார்த்தாள்.

காது கொஞ்சம் பெரிசு. முன்பல்லில் ஓர் இடுக்கு. மூக்கு நுனியில் மஞ்சள் மகரந்தம். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓட, அவன் மட்டும் ஓடவில்லை. நேரே ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சாவகாசமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் உள்ளங்காலிலிருந்து குறுகுறுவென்று ஏறியது. மூன்று தரம் கேட்ட பிறகு மணப்பெண் முனகுவதுதான் வழக்கம். தாய்மாமா முதல் தரமே கேட்டு முடிக்கவில்லை, "சம்மதம்!" என்றாள். வாசல்வரைக்கும் கேட்டிருக்கும். சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிற்பகலில் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருவர் தலையையும் சேர்த்துச் சிவப்புத் துப்பட்டாவால் மூடினார்கள். அந்தக் காது. அந்தப் பல்லிடுக்கு. பூமி நல்லபடியாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்குள் அவன் உதடு மெல்ல அசைந்தது.

"நானும் தோல் ஷாப்புல வளந்தவந்தான். சேஹ்ராவப் பாத்ததுமே எதுக்குன்னு புரிஞ்சுபோச்சு. காத்துக் காத்துப் பாத்தேன், ஒரு வண்டுகூட வர்ல. அப்பறம் இன்னா பண்றது, நானே கத்திட்டேன்."