ரேகை விழவில்லை

“இனி ஒரு நாள் லீவு போட்டாலும் சீட்டைக் கிழிச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாருடி!” என்று காய்ச்சலில் கிடந்த அக்கா அழுதாள். தங்கைக்கு மனசு கேட்கவில்லை. அக்காவின் சீருடையை மாட்டிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்கள் அவர்கள். பெற்ற அம்மாவே ஆள் மாற்றிக் கூப்பிடுவாள், மேனேஜர் எம்மாத்திரம்?

ஆனால் வாசலில் இருந்த கைரேகை இயந்திரம் அம்மாவைவிடக் கெட்டி. எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“என்னம்மா, ரேகை விழலையா?”

திரும்பினால், சட்டையில் மேனேஜர் அட்டையோடு ஒருவர்!

“பா... பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சிருக்கும் சார்.”

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும், “ஃபேன் சுவிட்ச் எதும்மா?” என்றார்.

ஐயோ, சோதிக்கிறார்! அவள் எதையோ தட்ட, விளக்கு அணைந்தது. அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

“சார், நான் அவ இல்ல. ரெட்டைப் பிறவி. அக்காவை வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க சார்!”

“அட, அழாதம்மா. மூஞ்சி, ரத்தம், மரபணு எல்லாம் ஒண்ணா இருந்தாலும், ரேகை மட்டும் வயித்துக்குள்ளயே தனித்தனியாப் போயிடுது. அதுக்கு நீ என்ன செய்வ?”

“உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம்...?”

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மேனேஜர் எங்க அண்ணன்மா. பல்வலியில சுருண்டு படுத்திருக்கான். முதலாளி லீவே குடுக்க மாட்டேன்னுட்டாராம்.”