ஊரைத் தாங்கிய எருமை

சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமாகும். மயிலி என்கிற எருமைக்கு எதுவும் மெல்லத்தான் புரியும்.

ஊருக்கு மேலே, ஆற்றங்கரை மேட்டில் முட்டைபோல் தன் நுனியில் நிற்கும் பாறையைப் பார்க்க மயிலி கன்றோடு வந்தாள். அதில் முதுகை லேசாக உரசினாள்.

"ஐயோ தாயி, அசைச்சிட்டியே! நீ விலகினா ஊர்மேல விழுந்துருவேன்!" என்று பாறை கரகரத்தது.

மயிலி முட்டுக்கொடுத்து நின்றாள். வெயிலில் தோல் காந்தியது. கன்று தண்ணீருக்குக் கூப்பிட்டது.

"போடா, ஊரே என் முதுகுலதான் நிக்குது." அப்படிச் சொல்லிக்கொள்வது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கன்று தனியே ஆற்றுக்கு இறங்கிப் போனது.

திடீரென்று கன்று அலறும் சத்தம். பாறையை மறந்து ஆற்றுப் பக்கம் பாய்ந்தாள். கன்றோ நாணல் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பாறை அசையாமல் நின்றது. அதன் உச்சியில் இருந்த ஒரு மைனா, கன்றின் குரலில் "ம்மா!" என்றது. பிறகு பாறையின் குரலில், "போய்க் குளி தாயி, நான் நின்னுக்கறேன்."