பத்து எண்ணும் வரை

"வலிக்குதா?"

"ம்" என்றாள், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி.

பாயில் மல்லாந்திருந்தவளின் முழங்கால்களைக் கணவர் இரு கைகளாலும் பிடித்து, மெதுவாக மார்புப் பக்கம் அழுத்தினார். "ஒண்ணு... ரெண்டு..." முதுகெலும்பு மூட்டு வலிக்கு மாத்திரையைவிட இதுதான் நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லி ஆறு மாதமாகிறது. தினமும் காலையில் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணும் வரை.

அந்த வீட்டில் சண்டை எதுவும் நடந்ததில்லை. மகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு பேச்சு தானாகக் குறைந்து, 'பால் வாங்கணும்', 'பல்பு போயிடுச்சு' என்பதோடு நின்றுவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை. மரத்துப்போன விரலைத் தொட்டால் தன்னுடையதுதானா என்று தோன்றுமே, அப்படி இருந்தது.

அவர் கை தன்மேல் படுவது இந்தப் பாயில் மட்டும்தான். வலி போய் இரண்டு மாதமாகிவிட்டதை அவள் சொல்லாமல் இருப்பதும் அதனால்தான்.

"முதுகுக்கு பெல்ட் போட்டா தேவலை" என்றாள், ஒப்புக்கு.

"போன மாசமே கிளினிக்குல போய்க் கேட்டேன். ஸ்டாக் இல்லையாம்... ஏழு." முன்பெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி எண்ணுவார். இப்போது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு நீள மூச்சு விடலாம்.

மதியம் அவள் தனியாகத்தான் கிளினிக்குக்குப் போனாள். பிசியோதெரபிஸ்ட் பெண் அவளைக் குனியச் சொன்னாள், திரும்பச் சொன்னாள்.

"வில்லு மாதிரி வளையறீங்கக்கா! இன்னுமா அண்ணன் பிடிச்சு விடறார்?"

"ஆமா."

"வேண்டாம்க்கா. பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க. இனிமே நீங்களே தனியா செஞ்சுக்கலாம். பாவம், அவருக்கும் விடுதலை!"

அந்தப் பெண்ணுக்குப் பின்னால், அலமாரியில், முதுகு பெல்ட்டுகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. அவள் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீடு வரும்வரை 'தனியா' என்ற அந்த ஒரு சொல், செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. ஏதாவது உறுத்தி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன சொன்னாங்க?"

"இன்னும் மூணு மாசம் ஆகுமாம். தனியா செய்யவே கூடாதாம். யாராவது பிடிச்சு விட்டே ஆகணுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இனிமே சாயங்காலமும் செய்யணுமாம்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து வந்து விரித்தார். சுருண்டு எழுந்த அதன் ஓரத்தைக் கையால் நீவிவிட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நல்ல வேளை! போன மாசம் என்கிட்ட, 'இனிமே அவங்களே தனியா செஞ்சுக்கலாம்'னுல்ல சொன்னாங்க!"