ஒரு குழிக்கு மிச்சம்

மேற்கே மேகம் இறங்கிவிட்டது. மழை விழுமுன் உளுந்தை விதைத்தாக வேண்டும். விதைப்பு எந்திரத்தின் அடியில் குந்தியிருந்த வெயிலாட்சி, மண்ணைக் கீறும் இரண்டு கொழுக்களைக் கையில் வைத்துக்கொண்டு எதை மாட்டுவதென்று தெரியாமல் இருந்தாள்.

உழுதாலும் குழி வெட்டினாலும் வருடத்துக்கு இவ்வளவு மண்ணைத்தான் திறக்கலாம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் சர்க்கார் வைத்த ஓர் அளவு உண்டு. ஒரு சாண் கூடினாலும் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அகலக் கொழு இறுகிய கரிசலைக் கிழித்து விதையை ஆழத்தில் போடும். அந்த அளவு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். ஒல்லிக் கொழுவில் பாதி விதை மேலேயே கிடந்து புறாவுக்குப் போகும். ஆனால் ஓர் ஆள் படுக்கும் குழிக்கு மிச்சம் இருக்கும்.

வரப்போரம் கட்டிலில் கிடந்த அவள் கணவன் செண்பகராசு தை மாதத்தைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலியோரம் மகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தான்.

"அகலத்தையே மாட்டு," என்றான் இப்போது. "என்னய எரிச்சிரு. வெதையாவது மொளைக்கட்டும்."

"எரிக்கணும்னா வேற பொண்டாட்டியப் பாருங்க."

அவள் ஒல்லிக் கொழுவை மாட்டித் திருகாணியை முடுக்கினாள். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது.